ஊசியா, தீனியா? — கால்நடைகளின் வளர்ச்சியும் பால் சுரப்பும் பற்றிய ஓர் அபிப்பிராயம்

கன்றை விரைவில் வளரச் செய்யவும், பசுவின் பாலைப் பெருகச் செய்யவும் வல்ல ஊசிமருந்து ஒன்று உண்டென்றும், அதை நம் தொழுவங்களுக்கும் கொண்டுவந்தால் வறுமை நீங்குமென்றும் ஒரு பேச்சு இந்நாளில் கிராமங்களில் பரவியிருக்கிறது. வேறொரு சாரார், நாம் அருந்தும் பாலிலும் உண்ணும் கோழியிலும் அவ்வூசியே நிறைந்திருப்பதாகவும், அதனால் குழந்தைகளுக்குக் கேடு விளைவதாகவும் அஞ்சுகின்றனர். ஆசைப்படுவோரும் அஞ்சுவோரும் அவ்வூசியின் தன்மையை உள்ளபடி அறிந்தாரில்லை. இலாகாவின் செயல்விளக்கப் பணியில் ஊர் ஊராகச் செல்லும் எனக்கு, ஏர் பூட்டும் முறையைப் பற்றியும் உரமிடும் முறையைப் பற்றியும் கேட்கப்படும் கேள்விகளைக் காட்டிலும் இவ்வூசியைப் பற்றிய கேள்விகளே மிகுதியாகி வருகின்றன. ஆகையால், வளர்ச்சிக்கும் பால் சுரப்புக்கும் காரணமான புரதங்கள் சரீரத்தில் எவ்வாறு தொழில் புரிகின்றன என்பதை ஒருவாறு விளக்கி, நமது விவசாயிகள் மேற்கொள்ளத்தக்க வழி இன்னதென என் அபிப்பிராயத்தையும் வெளியிட விரும்புகிறேன். அவ்வபிப்பிராயத்தைச் சுருக்கமாகச் சொல்லின், ஊசி என்பது ஓர் உத்தரவு மாத்திரமே. பாலும் மாமிசமும் உத்தரவினால் உண்டாவதில்லை, தீனியினாலேயே உண்டாகின்றன.

சரீரத்தின் தாக்கீது

மூளையின் அடிப்பாகத்தில் மனிதருக்குப் பட்டாணியளவில் தொங்கும் சிறு சுரப்பி ஒன்று உண்டு. அதனைப் பிட்யூட்டரி சுரப்பி என்பர். இது ஆடு, மாடு, கோழி முதலிய ஜீவன்களிலும் உண்டு. அதிலிருந்து வெளிப்படும் பொருள்கள் குழாய் வழியாகச் செல்லாமல் நேரே இரத்தத்தில் கலந்து, தூரத்திலுள்ள உறுப்புக்களைத் தத்தம் தொழிலில் ஏவுகின்றன. இத்தகைய பொருள்களுக்கு ஹார்மோன் என்று பெயர். அவற்றுள் வளர்ச்சி ஹார்மோன் ஒன்று. பாலூக்கி ஹார்மோனாகிய ப்ரோலாக்டின் மற்றொன்று. இவ்விரண்டும், சினைக்காலத்தில் நஞ்சுக்கொடி உண்டாக்கும் வேறொரு ஹார்மோனும், ஒரே குடும்பத்தைச் சேர்ந்த புரதங்களே. அமைப்பில் ஒன்றையொன்று ஒத்திருப்பதால், ஆதியில் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை என்று விஞ்ஞானிகள் கொள்கின்றனர்.

1921ம் வருஷத்தில் அமெரிக்காவில் ஹெர்பர்ட் எவான்ஸ், ஜோஸப் லாங் என்னும் இருவர், மாட்டின் பிட்யூட்டரிச் சாற்றை எலிகளுக்கு நாள்தோறும் ஊசி மூலம் செலுத்த, அவ்வெலிகள் தம்மினத்தவற்றைவிட மிகப் பெரியனவாய் வளர்ந்தன. பின்னர் 1944-45ல் அதே எவான்ஸும் சோ ஹாவோ லீ என்பவரும் மாட்டின் வளர்ச்சி ஹார்மோனைச் சுத்தமாகப் பிரித்தெடுத்தனர்.

இந்த ஹார்மோன் எலும்பையும் சதையையும் நேரே கட்டுவதில்லை. பெரும்பாலும் அது கல்லீரலுக்குச் சென்று, 'இன்சுலினைப் போன்ற வளர்ச்சிக் காரணி' எனப்படும் வேறொரு சிறு புரதத்தை உண்டாக்கும்படி ஏவுகிறது. 1957ல் ஸால்மன், டௌகடே என்னும் இருவர் முதன்முதல் அறிவித்த அச்சிறு புரதமே, எலும்பின் நுனியிலுள்ள குருத்தெலும்பை வளரச் செய்து உயரத்தைத் தருகிறது. கலெக்டர் கச்சேரியிலிருந்து புறப்படும் தாக்கீது, தாலுகா கச்சேரிக்கு வந்து, அங்கிருந்து கிராமத்துக்கு வேறோர் உத்தரவாகச் செல்வதைப் போன்றதே இது. நடுவிலுள்ள கச்சேரி பூட்டிக் கிடந்தால் மேலிடத்துத் தாக்கீது எத்தனை வந்தும் பயனில்லை. 1966ல் லாரான் என்னும் வைத்தியர் விவரித்த ஒரு பிறவிக் கோளாறில், நோயாளிகளின் இரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் நிறைய இருந்தும், அதை ஏற்கும் வாயில் கல்லீரலில் பழுதுபட்டிருப்பதால், அவர்கள் குள்ளராகவே நின்றுவிடுகின்றனர்.

வளர்ச்சி ஹார்மோனுக்கு வேறு காரியங்களும் உண்டு. உடலில் சேமிக்கப்பட்ட கொழுப்பைக் கரைத்து இரத்தத்தில் விடுகிறது. சர்க்கரை செலவாகாமல் தடுக்கிறது. உண்ட புரதத்தைச் சதையாக மாற்றத் துணை செய்கிறது. அளவு மிஞ்சினால் இதுவே நோயாகிறது. எலும்பு நுனிகள் மூடுமுன் மிகுந்து சுரந்தால் இராட்சத வளர்ச்சி உண்டாகும். அமெரிக்காவில் ராபர்ட் வாட்லோ என்பவர் ஏறக்குறைய 272 சென்டிமீட்டர் உயரம் வளர்ந்து, 1940ல் தமது 22ம் வயதிலேயே மாண்டார். எலும்பு நுனிகள் மூடிய பின்னர் மிகுந்து சுரந்தால் உயரம் கூடுவதில்லை. கையும் காலும் தாடையும் மாத்திரம் தடித்து, நீரிழிவும் இருதய நோயும் தொடர்கின்றன. இதனை 1886ல் பியேர் மாரி என்னும் பிரெஞ்சு வைத்தியர் விவரித்தார். சரீரமானது தனக்குத் தக்க அளவை அறிந்தே இப்பொருளைச் சொட்டுச் சொட்டாக வெளியிடுகிறது என்பது இதனால் விளங்கும்.

தாக்கீது உண்டு, களஞ்சியம் காலி

நமது விவசாயிகள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. மெலிந்து வளர்ச்சி குன்றி நிற்கும் கன்றைக் கண்டு, அதற்கு வளர்ச்சி ஹார்மோன் போதவில்லை போலும் என்று பலர் நினைக்கின்றனர். உண்மை இதற்கு நேர்மாறானது. தீனி போதாத கன்றின் இரத்தத்தைச் சோதித்தால், வளர்ச்சி ஹார்மோன் குறையாமலிருப்பதோடு, வயிறார உண்ணும் கன்றைவிட அதிகமாகவே காணப்படுகிறது. குறைந்திருப்பது மேற்சொன்ன சிறு புரதமே. பட்டினி கிடக்கும்போது கல்லீரல் தாக்கீதை ஏற்க மறுத்து, வளர்ச்சிக் காரணியை உண்டாக்காமல் நிறுத்திவிடுகிறது. உடலின் ஞானம் அத்தகையது; உள்ளதைக் கொண்டு உயிர் பிழைப்பதா, வளர்வதா என்னும் கேள்வி எழும்போது, உயிர் பிழைப்பதையே அது தேர்ந்துகொள்கிறது. புரதச் சத்துக் குறைவினால் உடல் வீங்கி மெலியும் மனிதக் குழந்தைகளிடத்தும் வைத்தியர்கள் இதையே கண்டிருக்கின்றனர்.

ஆகவே, மெலிந்த கன்றுக்கு மேலும் வளர்ச்சி ஹார்மோனைக் குத்துவது, நெல்லில்லாத களஞ்சியத்துக்கு மேன்மேலும் உத்தரவு அனுப்புவதற்கு ஒப்பாகும். உத்தரவு எத்தனை கடுமையாயினும் காலிக் களஞ்சியத்திலிருந்து ஒரு படி நெல்லும் வாராது. நமது நாட்டுக் கால்நடைகளில் பெரும்பாலானவற்றின் குறை ஊசியால் தீரும் குறையன்று என்று நான் சொல்வது இதைக் கொண்டேயாகும்.

பால் பெருக்கும் ஊசியின் வரலாறு

1928ல் பிரான்ஸ் தேசத்து ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஸ்ட்ரிக்கர், க்ரூட்டர் என்னும் இருவர், பிட்யூட்டரிச் சாற்றைக் கொண்டு முயல்களிடத்துப் பால் சுரக்கச் செய்தனர். 1937ல் ருஷ்யாவில் அஸிமாவ், க்ரூஸே என்போர் நூற்றுக்கணக்கான பசுக்களுக்குச் சாற்றைச் செலுத்திப் பால் கூடுவதைக் கண்டனர். இரண்டாம் உலக யுத்த காலத்தில் பாலுக்குப் பஞ்சம் ஏற்பட்ட பிரிட்டனில் இவ்வழியைக் கையாளலாமா என்று ஆராய்ந்தனர். பசுவிடத்துப் பாலைப் பெருக்குவது வளர்ச்சி ஹார்மோனே என்று யங் என்பவர் நிறுவினார். ஆயினும் கசாப்புத் தொட்டிகளில் கிடைக்கும் சுரப்பிகள் அத்தேவைக்குச் சிறிதும் போதா என்று கண்டு அம்முயற்சியைக் கைவிட்டனர்.

பின்னர், பசுவின் மரபணுவை நுண்ணுயிரில் புகுத்தி அந்த ஹார்மோனை வேண்டிய அளவு உண்டாக்கும் வித்தை கைவந்தது. 1982ல் அமெரிக்காவிலுள்ள கார்னெல் சர்வகலாசாலையார் அதனைப் பசுக்களிடத்துச் சோதித்த முடிவுகள் வெளியாயின. 1993 நவம்பரில் அமெரிக்க சர்க்கார் அதன் விற்பனைக்கு அனுமதி அளித்தது. பதினான்கு நாளைக்கொரு முறை 500 மில்லிகிராம் வீதம் செலுத்துவது முறை. இதனால் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு வரை பால் கூடுகிறது என்பது உண்மை. அதை மறைத்துப் பேசுவது நியாயமன்று.

ஆயினும் அப்பால் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டாமா? ஊசி போட்ட முதல் வாரங்களில் பசு தன் உடற்கொழுப்பைக் கரைத்தே அதிகப் பாலைத் தருகிறது. சில வாரங்களுக்குப் பின்னர் அதன் பசி மிகுந்து, அதிகத் தீனி தின்று, இழந்ததை ஈடு செய்துகொள்கிறது. அங்குள்ள பண்ணைகளில் தொட்டி நிறையத் தானியமும் பசுந்தீவனமும் எந்நேரமும் நிறைந்திருப்பதால் பசு தப்பிக்கிறது. அங்குங்கூட, கன்று ஈன்ற ஒன்பதாவது வாரம் வரை இவ்வூசியைத் தொடங்கக் கூடாது என்று விதித்திருந்தனர். ஏனெனில் ஈன்ற புதிதில் எந்தப் பசுவும் இயற்கையாகவே தன் சதையைக் கரைத்துப் பாலாக்கிக்கொண்டிருக்கும். அதன்மேல் மற்றொரு சுமையை ஏற்றினால் தாங்காது.

நமது தொழுவத்தில் இக்கணக்கு எப்படியாகும் என்பதைப் பாருங்கள். ஒரு லிட்டர் பசும்பாலில் ஏறக்குறைய 32 கிராம் புரதமும், 40 கிராம் கொழுப்பும், 1.2 கிராம் சுண்ணாம்புச் சத்தும் உள. தினம் 2 லிட்டர் வீதம் 100 நாள் அதிகமாகக் கறந்தால், அதன் மூலம் வெளியேறுவது 6 கிலோவுக்கு மேல் புரதம், 8 கிலோ கொழுப்பு, 240 கிராம் சுண்ணாம்புச் சத்து ஆகும். வைக்கோலும் வெறுந் தவிடும் தின்னும் பசு இவ்வளவையும் எதிலிருந்து எடுக்கும்? தன் முதுகுச் சதையிலிருந்தும் எலும்பிலிருந்துமே எடுக்க வேண்டும். அவ்வாறு எடுத்த பசு பருவத்துக்கு வாராது, சினை பிடிக்காது, அடுத்த ஈற்று ஆறு மாதம் தள்ளிப்போகும். நூறு நாளில் பெற்ற லாபத்தை வருஷக் கணக்கில் இழக்க நேரும். கடனுக்கு நெல் வாங்கி விருந்து வைப்பவனைப்போல், நாளைய பாலை இன்றே விற்றுவிடுவதாகும் இது.

கனடா தேசத்துக் கால்நடை வைத்தியர் சங்கம் நியமித்த நிபுணர் குழு, பல ஆராய்ச்சிகளை ஒருங்கே கணக்கிட்டு, ஊசி போட்ட பசுக்களுக்கு மடிநோய் வரும் அபாயம் நூற்றுக்கு 25 பங்கும், சினை பிடியாமை 40 பங்கும், கால் நொண்டுதல் ஏறக்குறைய 50 பங்கும் கூடுவதாக 1998ல் முடிவு கூறிற்று. அடுத்த வருஷம் கனடா சர்க்கார் அனுமதி மறுத்தது. ஐரோப்பிய ஒன்றியமும் 2000ம் வருஷம் முதல் இதனை நிரந்தரமாகத் தடை செய்தது. 2014ல் வெளியான மற்றொரு கணக்கெடுப்பு இத்தகைய தீங்குகளைக் காணவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதே முறை. நிபுணர்களிடையே விவாதம் இருக்கலாம். ஆனால் அவ்விவாதம் முழுதும் வயிறு நிறைந்த பசுக்களைப் பற்றியது. அரைவயிற்றுப் பசுவைப் பற்றி விவாதிக்க ஒன்றுமேயில்லை.

கறவை ஊசி வேறு

இதனினும் நமக்கு அருகிலுள்ள தீங்கு ஒன்று உண்டு. கறக்கும் நேரத்தில் பசுவுக்கோ எருமைக்கோ ஒரு சிறு ஊசியைக் குத்திப் பாலை இறக்கும் வழக்கத்தைச் சில பால்காரர்களிடையே காண்கிறோம். இதை வளர்ச்சி ஊசியென்றே பலர் எண்ணுவது தவறு. இது பிட்யூட்டரி சுரப்பியின் பின்பாகத்திலிருந்து வரும் ஆக்ஸிடோஸின் என்னும் பொருள். வளர்ச்சி ஹார்மோன் 191 கண்ணிகள் கோத்த நீண்ட சங்கிலியானால், இது ஒன்பதே கண்ணிகள் கொண்ட சிறு துணுக்கு. 1953ல் வின்ஸென்ட் டு விஞோ என்னும் இரசாயனர் இதனைச் செயற்கையாகச் செய்து, 1955ல் நோபல் பரிசு பெற்றார்.

இம்மருந்து ஒரு துளிப் பாலையும் புதிதாக உண்டாக்குவதில்லை. மடியிலுள்ள நுண்ணறைகளைச் சுற்றிய தசைகளைச் சுருங்கச் செய்து, ஏற்கெனவே சுரந்து நிற்கும் பாலைக் காம்புக்கு இறக்குகிறது, அவ்வளவே. கன்று முட்டிக் குடிக்கும்போதும், கறப்பவர் மடியைக் கழுவித் தடவும்போதும், பழகிய பாத்திரத்தின் ஓசை கேட்கும்போதும் பசுவின் உடலில் இதுவே தானாக வெளிப்படுகிறது. 1941ல் அமெரிக்காவில் ஈலி, பீட்டர்ஸன் என்னும் இருவர் இதை நிரூபித்ததோடு, பசு மிரண்டால் இரத்தத்தில் கலக்கும் அட்ரினலின் என்னும் வேறொரு பொருள் பால் இறங்குவதைத் தடுத்துவிடுகிறது என்பதையும் காட்டினர். "ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கற, பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கற" என்று நம் முன்னோர் வழங்கிய பழமொழியில் அடங்கியிருப்பதும் இந்த உண்மையே. கன்று இறந்தால் தோலில் வைக்கோலைத் திணித்துப் பசுவின் முன் நிறுத்திய கிழவருக்கு ஹார்மோன் என்ற பெயர் தெரியாது. ஆயினும் அதன் செயலை அவர் கண்டிருந்தார்.

ஊசிக்குப் பழகிய மாடு பின்னர் ஊசியின்றிப் பாலை இறக்குவதில்லை. ஒரே ஊசியைப் பல மாடுகளுக்குக் குத்துவதால் புண்ணும் நோயும் பரவுகின்றன. சினை மாட்டுக்குக் குத்தினால் கருப்பை சுருங்கிக் கரு கலையவும் கூடும். இவ்வளவும் எதற்காக? பெரும்பாலும் கன்றைப் பட்டினி போட்டு அதன் பங்கையும் கறந்து விற்பதற்காகவே. கன்று செத்தாலும் கவலையில்லை, ஊசி இருக்கிறது என்ற மனப்பான்மை வேரூன்றினால், நாளைக்கு நம் தொழுவத்தில் நிற்கப் பசு ஏது? இவ்வூசியை நான் கண்டிப்பதற்கு முதற்காரணம் இதுவே.

இம்மருந்தே தீயது என்று சொல்வதற்கில்லை. பிரசவத்தில் இரத்தம் பெருகி உயிருக்குப் போராடும் தாய்மாரைக் காக்கும் அருமருந்தும் இதுவே. கால்நடை வைத்தியரும் தக்க சமயத்தில் இதைக் கையாளுகின்றனர். 2018 ஏப்ரலில் மத்திய சர்க்கார் இதன் உற்பத்தியைத் தனியாரிடமிருந்து விலக்கிப் பொதுத்துறைக்கு மாத்திரம் உரியதாக்கியபோது, தாய்மாருக்கு மருந்து கிடையாமற் போகலாகாது என்பதையும் கருதி, டெல்லி உயர்நீதிமன்றம் அதே வருஷம் டிசம்பரில் அவ்வுத்தரவை ரத்து செய்தது. மருந்தைத் தடுப்பதைவிட, தொழுவத்தில் அதன் துர்விநியோகத்தைத் தடுப்பதே உசிதம்.

வீண் அச்சம் வேண்டாம்

ஊசியைக் கண்டிக்கும்போது பொய்க் காரணங்களைக் கூறுதல் ஆகாது. பசுவின் வளர்ச்சி ஹார்மோன் கலந்த பாலை அருந்தினால் குழந்தைகள் அகாலத்தில் பருவமடைவர் என்பதற்கு ஆதாரமில்லை. புரதமாகிய இதனை நம் வயிறு மற்றப் புரதத்தைப்போலவே சீரணித்து அழித்துவிடும். அன்றியும் மாட்டின் ஹார்மோனும் மனிதனுடையதும் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு வேறுபடுவதால், மாட்டினுடையது மனித உடலில் செல்லுபடியாவதில்லை. குள்ளமான குழந்தைகளுக்கு மாட்டின் ஹார்மோனைக் குத்திப் பார்த்தும் பலிக்காமையினாலேதான், 1958ல் ரேபன் என்னும் வைத்தியர் இறந்த மனிதரின் சுரப்பியிலிருந்து எடுத்த மருந்தைக் கையாண்டார். அப்படி எடுத்த மருந்தின் மூலம் கொடிய மூளைநோய் ஒன்று சிலரைத் தொற்றியது கண்டு, 1985ல் அதனை நிறுத்தி, நுண்ணுயிர் கொண்டு செய்த சுத்தமான மருந்துக்கு மாறினர். ஹார்மோன் குறைவுள்ள குழந்தைகளுக்கு வைத்தியர் மேற்பார்வையில் இன்று அளிக்கப்படுவது அதுவே.

கறிக்கோழிக்கு வளர்ச்சி ஊசி போடுவதாகச் சொல்வதும் வீண்பழியே. ஆயிரக்கணக்கான கோழிகளுக்குத் தினம் ஊசி போடுவது ஆகக்கூடிய காரியமன்று. தீனியில் கலந்தால் சீரணமாகிவிடும். கனடாவிலுள்ள ஆல்பர்ட்டா சர்வகலாசாலையார் 1957ம் வருஷத்துக் கோழியினத்தையும் 2005ம் வருஷத்துக் கோழியினத்தையும் ஒரே தீனியில் ஒருங்கே வளர்த்தனர். ஐம்பத்தாறாம் நாளில் முன்னது 905 கிராமும், பின்னது 4,202 கிராமும் இருந்ததாக 2014ல் வெளியிட்டனர். ஊசி எதுவுமில்லை. ஐம்பது வருஷம் பொறுமையுடன் நல்ல வித்தைத் தெரிந்தெடுத்ததன் பயன் அது. வித்தும் தீனியும் சேர்ந்தால் எந்த ஊசியும் செய்யாததைச் செய்யும் என்பதற்கு இதைவிடச் சிறந்த செயல்விளக்கம் வேறில்லை.

செய்யத்தக்கவை

தீனிக்கு நிலமேது, பணமேது என்று கேட்போர் உளர். அக்கேள்வி நியாயமானதே, ஆனால் ஊசிக்கும் பணம் வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 4 கம்பு நேப்பியர் புல், நல்ல பாசனத்தில் ஏக்கருக்கு வருஷம் 150 டன் வரை விளையும் என்பது அவர்கள் கணக்கு. சாதாரணப் பராமரிப்பில் அதில் பாதியே விளைந்தாலும், மாடொன்றுக்குத் தினம் 25 கிலோ வீதம் எட்டு மாடுகளுக்குக் காணும். பத்து சென்ட் நிலமுள்ளவரும், அதுவுமில்லாமல் கிணற்று வாய்க்கால் ஓரம் மாத்திரம் உள்ளவரும், ஒரு மாட்டுக்காவது பச்சை காட்டலாம். வேலியோரத்தில் அகத்தியும் சூபாபுல்லும் வைத்தால் புரதம் இலவசமாகக் கிடைக்கும்.

வைக்கோலையும் உயர்த்தலாம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 முதல் 65 லிட்டர் தண்ணீரில் நன்கு கரைத்துத் தெளித்து, அடுக்கி மிதித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வைக்க வேண்டும். பின்னர் சிறிது சிறிதாக எடுத்து, ஆறவிட்டுக் கொடுக்கலாம். யூரியாத் தண்ணீரை மாடு குடித்தால் உயிருக்கு ஆபத்து. ஆகையால் கரைத்த பாத்திரத்தை உடனே கழுவிவிட வேண்டும். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுகளுக்கு இவ்வைக்கோல் ஆகாது.

கறவைப் பசுவுக்கு உடல் பேணுவதற்கென ஒன்றரை முதல் இரண்டு கிலோ அடர்தீவனமும், கறக்கும் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் மேலும் ஒரு கிலோவும் அளிப்பது பொதுவிதி. தினம் 50 கிராம் தாது உப்புக் கலவை சேர்த்தல் அவசியம். தண்ணீர் எந்நேரமும் எட்டும்படி இருத்தல் வேண்டும். ஈற்றுக்கு முன் 60 நாள் கறவையை நிறுத்தி மடிக்கு ஓய்வு தர வேண்டும்.

கன்று பிறந்த முதல் இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்கட்டும். நோய் எதிர்க்கும் பொருள்களோடு, மேற்சொன்ன வளர்ச்சிக் காரணியும் சீம்பாலில் செறிந்திருக்கிறது. இயற்கை தன் கையாலேயே அளிக்கும் அந்த மருந்தை வீணாக்கிவிட்டுக் கடையில் ஊசி தேடுவது அறிவீனம். கன்றின் எடையில் பத்திலொரு பங்கு பால் முதல் மாதத்தில் அதற்கு உரியது. குடற்புழு நீக்கத்தைத் தவறவிடலாகாது. புழுக்கள் இருக்கும்வரை தீனியும் விழலுக்கு இறைத்த நீரே.

கறக்குமுன் மடியை வெதுவெதுப்பான நீரில் கழுவித் தடவிக்கொடுத்து, விரலை மடக்காமல் முழுக்கையால், ஏழு நிமிஷத்துக்குள் கறந்து முடிக்க வேண்டும். இறங்கிய பாலுக்குரிய ஹார்மோனின் வேகம் சில நிமிஷமே நிற்கும். கறக்கும்போது அடியும் கூச்சலும் நாயும் அருகில் வரலாகாது. கடைசியாக வரும் பாலிலேயே வெண்ணெய் மிகுதி என்பதால், அதை மடியில் விட்டுவிடுவதும் நஷ்டமே. கறப்பவர் அடிக்கடி மாறாமலிருந்தால் பெரும்பாலான மாடுகள் ஊசியின்றியே பாலை இறக்கும். ஊசிக்குப் பழகிய மாட்டை ஒரே நாளில் திருத்த இயலாது. கன்றை ஊட்டவிட்டு, பொறுமையுடன் பழக்கி, தேவையானால் கால்நடை வைத்தியரின் யோசனையைப் பெறுதல் நலம்.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள்

1960ம் வருஷத்து மிருகவதைத் தடைச் சட்டத்தின் 12வது பிரிவு, பால் பெருக்குவதற்காகக் கறவை மாட்டுக்கு அதன் ஆரோக்கியத்தைக் கெடுக்கும் ஊசி போடுவதைக் குற்றமாக்கியிருக்கிறது. அதற்கு ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டு வருஷம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். மாட்டையும் சர்க்கார் பறிமுதல் செய்யும். ஆக்ஸிடோஸினை வைத்தியரின் சீட்டின்றி விற்பதும் சட்டத்துக்கு விரோதம். அடையாளச் சீட்டில்லாத புட்டிகளில் இம்மருந்து கடைகளில் விற்கப்படுமாயின், அதனை உரிய அதிகாரிகளுக்குத் தெரிவிப்பது கிராம அதிகாரிகளின் கடமை. ஆயினும் ஒரே மாட்டை நம்பி வாழும் ஏழையைத் தண்டிப்பதற்கு முன், அவருக்கு வேறு வழி காட்டுவது அதனினும் முதற்கடமை. ஊர்ப் பொது நிலத்தில் புல் வளர்க்க இடம் ஒதுக்குதல், கறுணைப் புல்லைப் பங்கிட்டுக் கொடுத்தல், பால் சங்கத்தில் தாது உப்புக் கலவை கிடைக்கச் செய்தல் ஆகியவை அவர்களால் ஆகக்கூடியவையே.

நிலச்சுவான்தார்களிடத்து எனக்குள்ள வேண்டுகோள் இன்னும் நேரானது. ஊரில் பெரிய தொழுவம் எதைச் செய்கிறதோ அதையே சிறிய தொழுவமும் செய்யும். உங்கள் நஞ்சையின் ஒரு மூலையில் பசும்புல் நிற்பதைக் கண்டால் உங்கள் பண்ணையாள் தன் வீட்டு வேலியோரத்தில் நான்கு கறுணை நடுவார். உங்கள் தொழுவத்தில் ஊசியைக் கண்டால் அவரும் ஊசியையே தேடுவார்.

உத்தரவிட வேண்டியதைப் பசுவின் உடல் தானே தக்க அளவில் உத்தரவிடுகிறது. நாம் நிரப்ப வேண்டியது களஞ்சியத்தை மாத்திரமே. வரும் மழைக்கு முன், ஒவ்வொரு விவசாயியும் தம் மாடு ஒன்றுக்குப் பத்து சென்ட் வீதம் தீவனப் புல் நட இடத்தைக் குறித்துக்கொள்வாராக. புல் கறுணைக்கு உங்கள் பகுதியிலுள்ள இலாகா அலுவலகத்தில் இப்போதே விண்ணப்பிப்பது உத்தமம்.